விமானம் வாங்கலாமா? விலையைக் கேட்கிறதுக்கு முன்னாடி வாலில் உள்ள எழுத்தைப் பாருங்க

சுபாங் ஜெயாவில் இருக்கிறவங்களுக்கு இது பழகின சத்தம்தான். தலைக்கு மேலே போகிறது எல்லாமே டிக்கெட் வாங்கி ஏறுகிற விமானம் இல்லை. 1998-இல் கேஎல்ஐஏ திறக்கும் வரை நாட்டின் முதன்மை அனைத்துலக நிலையமாக இருந்த சுபாங், இப்போது தனியார் ஜெட், ஹெலிகாப்டர், ஒற்றை இஞ்சின் பயிற்சி விமானம் எல்லாம் வந்து போகிற இடமும்கூட.

அப்படி ஒன்றை நீங்களே வாங்கணும்னா? பணம் இருந்தால் போதும்னு நினைக்கிறோம். உண்மையில் நீங்க வாங்குவது பாதி விமானம், பாதி காகிதம். காகிதம் சரியில்லாவிட்டால் மீதிப் பாதி வெறும் அலுமினியம்தான்.

வாலில் என்ன எழுதியிருக்கிறது?

1944-ஆம் ஆண்டு சிகாகோ ஒப்பந்தப்படி, ஒரு விமானம் எந்த நாட்டில் பதிவாகிறதோ அந்த நாட்டின் குடியுரிமை அதற்கு. ஒரே நேரத்தில் இரண்டு நாட்டில் பதிய முடியாது. மலேசிய விமானம் என்றால் 9எம் என்று தொடங்கும். சிங்கப்பூருக்கு 9வி, இந்தியாவுக்கு விடி, இலங்கைக்கு 4ஆர், அமெரிக்காவுக்கு என். வெளிநாட்டு விமானத்தை வாங்கி இங்கே 9எம் எழுத்து மாட்டணும்னா, முதலில் பழைய நாட்டின் பதிவேட்டிலிருந்து அதை நீக்கணும். பிறகுதான் மலேசிய பொது வான் போக்குவரத்து ஆணையமான சிஏஏஎம்-இடம் பதிவும், பறக்கத் தகுதிச் சான்றிதழும் கேட்க முடியும்.

இதில் இன்னொரு சிக்கல். பதிவுச் சான்றிதழில் உங்க பேர் இருந்தாலும், விமானத்தின் மேல் வங்கிக் கடன் இருக்கலாம். அதைப் பார்க்கத்தான் கேப்டவுன் ஒப்பந்தத்தின் கீழ் அயர்லாந்தில் ஓர் அனைத்துலகப் பதிவேடு இயங்குகிறது. மலேசியா இதற்கென 2006-இல் தனிச் சட்டமே போட்டது. அதில் இஞ்சின் வேறு, விமானத்தின் உடல் வேறு. உடல் ஒருவருக்கும் இஞ்சின் வேறொருவருக்கும் சொந்தமாக இருக்கலாம்! ஆனால் நாலு பேர் உட்காரும் குட்டி விமானங்கள் இந்தப் பதிவேட்டின் வரம்புக்குள் வராது. அங்கே நீங்களேதான் துருவிக் கேட்கணும்.

மூன்று ஜம்போ, உரிமையாளர் யார்?

2015 டிசம்பரில் பத்திரிகையைத் திறந்தவர்களுக்கு ஓர் அதிசய விளம்பரம். கேஎல்ஐஏ-வில் நிற்கும் மூன்று போயிங் 747-200 விமானங்களின் உரிமையாளர் யாராக இருந்தாலும் 14 நாளில் வந்து எடுத்துக்கொள்ளவும், இல்லாவிட்டால் விற்போம் அல்லது அப்புறப்படுத்துவோம் என்று மலேசிய விமான நிலைய நிறுவனம் அறிவித்திருந்தது. உலகமே சிரித்தது. ஒரு ஜம்போவை எப்படிங்க மறந்துட்டுப் போவாங்க?

வாலில் இருந்தவை ஐஸ்லாந்தின் டிஎஃப் எழுத்துகள். அந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டு விசாரித்தால், பழைய நிறுவனம் எப்போதோ விற்றுவிட்டதாகச் சொன்னது. பிறகு ஒரு சரக்கு நிறுவனம், 'எங்களுடையது' என்று முன்வந்தது. விமான நிலையம் கேட்டதோ அதற்கான ஆவணத்தை. அதுவரை தரையிறங்கிய கட்டணம், நிறுத்திவைத்த கட்டணம் எல்லாம் ஏறிக்கொண்டே போனது. விமானம் பறக்காவிட்டாலும் மீட்டர் ஓடும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

மலிவாகக் கிடைக்கும் பழசு

புது செஸ்னா 172 விலை 4 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல். 1970-களில் செய்த அதே மாடல் அதில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கும். ஆசை வரும்தான். ஆனால் அதன் இஞ்சினை ஏறக்குறைய 2,000 மணி நேரத்துக்கு ஒருமுறை முழுசாகப் பிரித்துச் செப்பனிடணும் என்பது தயாரிப்பாளரின் கணக்கு. 1,900 மணி நேரம் ஓடிய இஞ்சினோடு வரும் 'மலிவு' விமானம் மலிவே இல்லை. ஆகவே பெயிண்ட்டைப் பார்க்காதீங்க, லாக்புக்கைப் பாருங்க. ஒரு சில வருடப் பதிவு காணாமல் போயிருந்தாலே விலை சரியும். எந்தப் பாகம் எப்போது மாற்றப்பட்டது என்பதை அதன் பிறகு நிரூபிக்க வழியில்லை.

இன்னும் பழசு வேண்டுமா? இந்தியாவில் ராஜீவ் சந்திரசேகர் பழைய இரும்புக்குப் போகவிருந்த ஒரு டக்கோட்டாவை 2011-இல் வாங்கி, பிரிட்டனில் சீரமைக்கக் கொடுத்தார். அவருடைய அப்பா விமானப் படையில் டக்கோட்டா ஓட்டியவர். அது இந்தியாவுக்குப் பறந்து வந்து விமானப் படையில் சேர்ந்தது 2018-இல்தான். ஏழு வருடம்!

இங்கே நடந்தவை

2023 ஆகஸ்ட் 17-ஆம் தேதி லங்காவியிலிருந்து சுபாங் வந்த பீச்கிராஃப்ட் 390 ஜெட், எல்மினாவில் விழுந்தது. விமானத்தில் இருந்த எட்டுப் பேரும், கீழே சாலையில் போய்க்கொண்டிருந்த இருவரும் இறந்தார்கள். தரையிறங்கிய பிறகே விரிய வேண்டிய இறக்கைத் தடுப்புகள் பறக்கும்போதே தவறுதலாக இயக்கப்பட்டதை விசாரணை அறிக்கை சுட்டியது. 2024 பிப்ரவரி 13-இல் சுபாங்கிலிருந்து கிளம்பிய ஒரு சிறு விமானம் சில நிமிடங்களில் காப்பாரில் விழுந்து இருவர் இறந்தனர்.

முதலாவதில் அமெரிக்கப் பதிவு, இரண்டாவதில் இத்தாலியப் பதிவு. வெளிநாட்டுப் பதிவு குற்றமில்லை. விபத்துக்கு அது காரணம் என்றும் சொல்ல முடியாது. அமெரிக்கர் அல்லாதவர்கூட ஓர் அறக்கட்டளை ஏற்பாட்டின் மூலம் என் எழுத்து வாங்கலாம், மறுவிற்பனைக்கும் அது வசதி. ஆனால் அப்படிப்பட்ட விமானத்தின் பறக்கும் தகுதிக்கு முதல் பொறுப்பு, அது பதிவான நாட்டுக்குத்தான். நம்ம வீட்டுக் கூரைக்கு மேல் பறக்கிற ஒன்றை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி உள்ள ஓர் அலுவலகம் கண்காணிக்கிறது. இதை வாங்குகிறவர் மட்டுமல்ல, கீழே குடியிருப்பவரும் கேட்க வேண்டிய கேள்வி என்றே தோன்றுகிறது.

வாங்கிய பிறகு, 'நண்பர்களை ஏற்றி ஆளுக்கு இவ்வளவு வாங்கிக்கலாமே' என்ற யோசனை வரும். கூடாது. காசுக்கு ஆள் ஏற்றினால் அது வணிகச் சேவை. அதற்குத் தனி நடத்துநர் சான்றிதழும் அனுமதியும் வேணும். காப்புறுதியும் அந்த இடத்தில் கைவிரிக்கலாம்.

ஓட்ட மட்டும் ஆசையா? சொந்த விமானமே தேவையில்லை. அனைத்துலகத் தரப்படி தனியார் விமானி உரிமத்துக்கு 17 வயது, மருத்துவச் சான்று, பொதுவாகக் குறைந்தது 40 மணி நேரப் பறப்பு. பறக்கும் கிளப்பில் மணிக்கணக்குக்கு வாடகை கட்டிக்கொண்டே அதை முடிக்கலாம்.