கணனியும் அச்சுப்பொறியும்

முருங்கன் வயல்களுக்குக் கட்டுக்கரைக்குளத்து நீர் வாய்க்கால் வழியே பாய்கின்றது. கடைசி வயலுக்கு நீர் எட்டாதவிடத்து, அனுபவமுள்ள கமக்காரன் குளத்தை நொந்துகொள்வதில்லை. துருசு திறந்திருக்கின்றதா, வாய்க்கால் உடைந்துள்ளதா, வரம்பு மறித்துள்ளதா என ஒவ்வோரிடமாகப் பார்ப்பான். அச்சிட மறுக்கும் கணனியின் முன் அமர்ந்திருப்பவருக்கும் இதுவே நெறி. யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமையின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி ஆகியோர் இதனை உருவாக்கத் தொடங்கினர். அவர்களுக்குப் புதிய கணனி ஒன்று தேவைப்பட்டது. இயக்க முறைமை ஒன்றை ஆக்குவதற்கெனக் கேட்டபோது நிருவாகத்தினர் பணம் தர இணங்கவில்லை. ஆவணங்களைத் திருத்தி ஒழுங்குபடுத்தி அச்சிடும் ஏற்பாட்டை அமைத்துத் தருவதாகக் கூறிய பின்னரே கணனி கிடைத்தது. 1971ஆம் ஆண்டின் பிற்பகுதியில் காப்புரிமைப் பகுதியைச் சேர்ந்த மூன்று தட்டெழுத்தாளர்கள் நாள் முழுவதும் அதிலே விண்ணப்பங்களைத் தயாரித்தனர். ஆகவே, யூனிக்ஸ் தழைத்தமைக்கு அச்சுப்பணியும் ஒரு காரணமாயிற்று.

தோட்டத்து நீர்க்குழாய்களை ஒன்றோடொன்று பூட்டுவதுபோல நிரல்களையும் பூட்டவேண்டும் என்று டக்ளஸ் மக்கில்ரோய் 1964இலேயே எழுதியிருந்தார். 1973இல் அது யூனிக்ஸில் நிறைவேறிற்று. மேலும், யூனிக்ஸில் அச்சுப்பொறியும் ஒரு கோவையாகவே கொள்ளப்பட்டது. கோவையில் எழுதுவதுபோலவே அதற்கும் எழுத்துக்களை அனுப்பலாம். பலர் ஒரே பொறியைப் பயன்படுத்தும்போது, அவர்தம் வேலைகளை வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாய் அனுப்பும் பணியைத் தனி நிரலொன்று ஏற்றது. இவ்வாறு பாதை பல கண்ணிகளாகப் பிரிந்தமையால், ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்தல் இயலுவதாயிற்று.

அக்காலத்து அச்சுப்பொறிகள் பல ஆர்.எஸ்.-232 என்னும் தொடர் இணைப்பினாற் பொருத்தப்பட்டன. 1960இல் வெளியான அந்நியமம், 1969இல் திருத்தம் பெற்றுப் பரவியது. அதிலே தோன்றும் பிழைகள் தம்மைத் தாமே காட்டிக்கொடுப்பவை. வரிசையைத் தவிர்த்து, ஒரு வரியை நேரே பொறிக்கு அனுப்பிப் பார்க்கவேண்டும். அது அச்சாயின் கம்பி நலமே. குற்றம் வரிசையில் உள்ளது. ஒன்றுமே வாராவிடின் கம்பியை ஆராய்தல் வேண்டும். அனுப்பும் கம்பி மறுமுனையில் பெறும் ஊசியைச் சேராதிருக்கலாம். பொருளற்ற குறிகள் வருமாயின் இரு பக்கத்து வேகங்களும் ஒவ்வவில்லை. தொடக்கம் சரியாக வந்து இடையிலே எழுத்துக்கள் மறையுமாயின், மெதுவான பொறி "பொறு" என்று விடுக்கும் குறிப்பைக் கணனி உணரவில்லை. வரிகள் படிக்கட்டுப்போல் வலப்புறம் சரியுமாயின், கணனி அடுத்த வரிக்கு இறங்கச் சொல்கின்றதேயன்றி, இடது ஓரத்துக்குத் திரும்பச் சொல்லவில்லை.

1999இல் கப்ஸ் என்னும் புதிய அச்சு முறைமை வெளியாகி, இவ்வேலைகளிற் பெரும்பாலானவற்றைத் தானே ஏற்றுக்கொண்டது. எனினும், பழைய பொறியொன்றைச் சீர்செய்ய முனைவோர் எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றுவாராயின், எது பிழையென்று ஒருபோதும் அறியார். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றி, விளைவைக் குறித்துக்கொள்பவரே பிழையைக் காண்பர்.