ஒகேனக்கல் தண்ணீர் சொல்லித்தரும் அரசியலமைப்புப் பாடம்



டி.என்.பி.எஸ்.சி., யு.பி.எஸ்.சி. தேர்வுகளுக்குப் படிக்கும் பிள்ளைகளின் மேசையில் அரசியலமைப்பு ஒரு புத்தகமாகவும் மாநிலப் பொருளாதாரம் இன்னொரு புத்தகமாகவும் இருக்கும். நம் தருமபுரி மாவட்டத்திலோ இரண்டும் ஒரே குழாயில் ஓடுகின்றன. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் வரலாற்றைத் தெரிந்துகொண்டால், மனப்பாடம் செய்கிற பல பிரிவு எண்களுக்கு அர்த்தம் புரியும். தேர்வு எழுதாத நமக்கும் அதில் வேலை இருக்கிறது.

நம் மண்ணுக்கு அடியில் இருப்பது கடினப் பாறை. அந்தப் பாறையின் தாதுக்களிலிருந்து ஃபுளோரைடு கரைந்து கிணற்றிலும் போர்வெல்லிலும் கலக்கிறது. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் ஆபத்து. சிறுவயதில் தொடர்ந்து குடித்தவர்களின் பற்களில் காவிக் கறை படியும். ஆண்டுக்கணக்கில் குடித்தால் மூட்டுகள் இறுகும், முதுகு வளையும். தண்ணீரைக் காய்ச்சினாலும் ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாகக் குறையும்போது அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். பக்கத்திலேயே காவிரி ஓடியும், தலைமுறை தலைமுறையாகப் பல கிராமங்கள் இந்தத் தண்ணீரைத்தான் குடித்தன.

அரசியலமைப்பு இதற்கு என்ன சொல்கிறது? பொதுச் சுகாதாரத்தை மேம்படுத்துவது அரசின் முதன்மைக் கடமைகளில் ஒன்று என்கிறது பிரிவு 47. ஆனால் அது இருப்பது பகுதி 4-இல், அரசு நெறிமுறையுறுத்தும் கோட்பாடுகளில். அவற்றை நிறைவேற்றச் சொல்லி நீதிமன்றம் போக முடியாது என்று பிரிவு 37 கூறிவிடுகிறது. அரசியல் நிர்ணய சபையில் இருந்த பொருளாதார அறிஞர் கே.டி. ஷா இதைக் கடுமையாகக் குறை சொன்னார். வங்கியில் வசதி இருந்தால் மட்டும் பணமாகும் காசோலையைப் போன்றவை இவை என்பது அவர் வாதம்.

அடிப்படை உரிமைக்கும் நெறிமுறைக்கும் முரண் வந்தால் எது பெரிது? இந்தக் கேள்வியை முதலில் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது நம் மாநிலம்தான். 1951-இல் வந்த சென்னை மாநிலம் எதிர் செண்பகம் துரைராஜன் வழக்கில், அடிப்படை உரிமையே மேலானது என்று தீர்ப்பானது. அதைத் தொடர்ந்து அதே ஆண்டு முதலாவது அரசியலமைப்புத் திருத்தம் வந்தது. 1980-இல் மினர்வா மில்ஸ் வழக்கில், பகுதி 3-க்கும் 4-க்கும் இடையிலான சமநிலையே அரசியலமைப்பின் அடித்தளம் என்றது நீதிமன்றம். 1991-இல் சுபாஷ் குமார் எதிர் பீகார் மாநிலம் வழக்கில், மாசற்ற நீரும் காற்றும் பிரிவு 21 தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்று சொன்னது. நெறிமுறையாக மட்டும் இருந்த ஒன்று இப்படித்தான் உரிமையின் பக்கம் நகர்ந்தது.

உரிமை கிடைத்துவிட்டது, தண்ணீர் எங்கே? தண்ணீர் மாநிலப் பட்டியலில் 17-ஆவது பொருள். ஆனால் மாநிலங்களுக்கிடையே ஓடும் ஆறுகளை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் ஒன்றியப் பட்டியலின் 56-ஆவது பொருள். அந்த ஆறுகளில் தகராறு வந்தால் பிரிவு 262. அதன் கீழ் 1956-இல் இயற்றப்பட்ட சட்டப்படி 1990-இல் காவிரி நடுவர் மன்றம் அமைந்தது. 1998-இல் மத்திய நீர்வள அமைச்சகம் நடத்திய பேச்சில், பெங்களூரு குடிநீர்த் திட்டத்துக்கும் நம் ஒகேனக்கல் திட்டத்துக்கும் ஒப்புதல் கிடைத்தது. ஒகேனக்கலுக்குப் பேசப்பட்ட அளவு 1.4 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்றால் 100 கோடி கன அடி. 2018-இல் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு உறுதி செய்த மொத்தப் பங்கு 404.25 டி.எம்.சி. அதில் இது நூற்றுக்கு அரைப் பங்குகூட இல்லை. குடிநீர்த் தேவைக்கே முன்னுரிமை என்பதையும் அந்தத் தீர்ப்பு வலியுறுத்தியது.

2008 பிப்ரவரியில் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கர்நாடகத்தில் எதிர்ப்பு கிளம்பியது, இரு மாநிலங்களிலும் போராட்டங்கள் நடந்தன. அங்கே தேர்தல் முடியும்வரை பொறுத்திருப்பதாக அந்த ஏப்ரலில் முதல்வர் கருணாநிதி அறிவித்தார். பின்னர் வேலை தொடர்ந்தது. 2013 மே மாதம் முதல்வர் ஜெயலலிதா திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அடிக்கல் நாட்டியது ஓர் ஆட்சி, திறந்தது இன்னோர் ஆட்சி. தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களுக்கும் காவிரித் தண்ணீர் வந்தது.

இனி பொருளாதாரப் பாடம். திட்டச் செலவு சுமார் 1,928 கோடி ரூபாய். இதில் பெரும்பகுதி ஜப்பானின் ஜைகா நிறுவனம் கொடுத்த கடன். மாநில அரசு நேராக ஜப்பானிடம் கடன் வாங்க முடியாது. பிரிவு 293-இன்படி மாநிலம் இந்திய எல்லைக்குள்தான் கடன் வாங்கலாம். ஆகவே ஒன்றிய அரசு வாங்கி மாநிலத்துக்குக் கொடுக்கிறது. திருப்பிக் கட்டும் பொறுப்பு மாநிலத்தினுடையது. எவ்வளவு வேண்டுமானாலும் கடன் வாங்கலாம் என்றும் இல்லை. 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் பற்றாக்குறைக்கு வரம்பு கட்டுகிறது.

குழாய் பதிப்பதும் நீர்த்தேக்கத் தொட்டி கட்டுவதும் மூலதனச் செலவு. அதற்குக் கடன் வாங்கலாம், பயன் பல ஆண்டு வரும். ஆனால் ஒகேனக்கல் பள்ளத்தில் இருக்கிறது, ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் தானாக மேட்டில் ஏறாது. நாள் தவறாமல் மோட்டார் ஓட வேண்டும். அந்த மின்கட்டணம், பழுதுபார்ப்பு, சம்பளம் எல்லாம் வருவாய்ச் செலவு. அதை ஆண்டுதோறும் வரியிலிருந்தும் கட்டணத்திலிருந்தும்தான் கொடுக்க வேண்டும். மாநிலத்துக்கு வரும் வரி எது? நாம் கடையில் கொடுக்கும் ஜி.எஸ்.டி.யில் மாநிலப் பங்கு, பெட்ரோலுக்கும் மதுவுக்கும் உள்ள மதிப்புக்கூட்டு வரி, வீடு பதிவு செய்தபோது கட்டிய முத்திரைத் தீர்வை, வண்டி வாங்கியபோது கட்டிய சாலை வரி. இவற்றுடன் நிதிக் குழு பரிந்துரைக்கும் ஒன்றிய வரிப் பங்கும் சேரும்.

கடைசிக் கட்டம் நம் வாசலில். 73, 74-ஆவது திருத்தங்கள் 1993-இல் நடைமுறைக்கு வந்தன. பதினோராம் அட்டவணையில் குடிநீர் ஊராட்சிகளுக்கும், பன்னிரண்டாம் அட்டவணையில் நீர் வழங்கல் நகராட்சிகளுக்கும் உரிய பொருள்களாகச் சேர்க்கப்பட்டன. அதனால்தான் ஆற்றிலிருந்து எடுத்துவருவது குடிநீர் வடிகால் வாரியம், வீட்டுக்கு வழங்குவது உள்ளாட்சி. சொத்து வரியும் குடிநீர்க் கட்டணமும் உள்ளாட்சிக்கே போகின்றன. நாம் பாக்கி வைத்தால் பாதிக்கப்படுவது நம் தெருக் குழாய்தான். ஒழுங்காகக் கட்டிவிட்டுத் தண்ணீர் ஏன் வரவில்லை என்று கேட்பதும் நம் உரிமை. எழுத்தில் பதில் வேண்டுமென்றால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது.

ஷா சொன்ன காசோலை நம் மாவட்டத்தில் பணமாக எத்தனை கைகள் தேவைப்பட்டன என்று எண்ணிப் பாருங்கள். நீதிமன்றம், இரண்டு மாநிலங்கள், ஒன்றிய அரசு, வெளிநாட்டுக் கடன், வாரியம், நகராட்சி, வரி கட்டும் நாம். இதில் ஒன்று கைவிட்டாலும் உரிமை ஏட்டோடு நின்றுவிடும். மக்கள்தொகை கூடியதால் இரண்டாம் கட்டத் திட்டமும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதற்கும் இதே கைகள்தான் வேண்டும்.

நம் பங்கில் ஒரு வேலை உடனே செய்யக்கூடியது. சம்பில் ஒகேனக்கல் தண்ணீரோடு போர்வெல் தண்ணீரைக் கலந்தால், ஃபுளோரைடு திரும்பவும் நம் டம்ளருக்கே வந்துவிடக்கூடும். குடிக்கும் தண்ணீருக்குத் தனித் தொட்டி வைப்பது நல்லது. வாரியத்தின் ஆய்வகத்தில் தண்ணீர் மாதிரியைக் கொடுத்துப் பரிசோதித்துக்கொள்ளலாம். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளையே இதற்கு அனுப்புங்கள். கையில் வரும் பரிசோதனை முடிவைப் பார்த்தபின் பிரிவு 47 அவர்களுக்கு மறக்காது.