அரியலூர்–பெரம்பலூர் புதைபடிவ நிலமும் புவிப்பூங்காக் கருத்தும்

தமிழ்நாட்டின் அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களும் அவற்றை ஒட்டிய திருச்சிராப்பள்ளி மாவட்டப் பகுதியும் கிரிட்டேசியக் காலக் கடற்படிவுப் பாறைகளுக்குப் பெயர் பெற்றவை. ஏறத்தாழ 11 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கு வாழ்ந்த கடல் உயிரினங்கள் இப்பாறைகளில் புதைபடிவங்களாகக் காணப்படுகின்றன. இப்பாறைகளே சிமெண்ட் ஆலைகளுக்கான சுண்ணாம்புக்கல்லையும் தருகின்றன. ஆகவே நிலவியல் மரபைக் காப்பதும் மக்களின் வாழ்வாதாரமும் ஒன்றாகவே எண்ணப்பட வேண்டிய வட்டாரம் இது.

நிலவியல் பின்னணி

கோண்டுவானா என்னும் தொன்மையான பெருங்கண்டம் உடைந்து இந்திய நிலப்பகுதி பிரிந்தபோது, அதன் கிழக்கு ஓரத்தில் காவிரிப் படுகை தாழ்ந்தது. அத்தாழ்நிலத்தில் கடல் புகுந்தது. பல முறை முன்னேறிப் பின்வாங்கியது. ஒவ்வொரு முறையும் களிமண், மணல், சுண்ணாம்பு ஆகியவை அடுக்கடுக்காகப் படிந்தன. இவ்வடுக்குகள் கீழிருந்து மேலாக ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரிக்கப்படுகின்றன.

சுருள் ஓடுகளைக் கொண்ட அம்மோனைட்டுகள், கணவாய்க்கு உறவான பெலம்னைட்டுகள், சிப்பிகள் ஆகியவை இங்கு மிகுதி. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் சிப்பி ஓடுகள் செறிந்து கிடக்கின்றன. காரை அருகே மழைநீர் அரித்த ஓடைச் சரிவுகளில் களிப்பாறை அடுக்குகளை நேரில் காணலாம்.

ஆய்வு வரலாறு

பாண்டிச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளி வட்டாரங்களில் கே, கன்லிஃப் ஆகியோர் திரட்டிய புதைபடிவங்களை ஆராய்ந்து எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-இல் அறிக்கை வெளியிட்டார். அடுத்து எச். எஃப். பிளான்ஃபோர்ட் இந்நிலத்தை நடந்து அளந்து வரைபடமாக்கினார். இந்திய நிலவியல் ஆய்வுத் துறை 1862-இல் வெளியிட்ட அவருடைய நூலே மேற்சொன்ன முத்தொகுதிப் பகுப்புக்கு அடிப்படை. பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்றவரும் இவரே. ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா அடுத்த சில ஆண்டுகளில் இப்பகுதியின் மெல்லுடலிகளை விரிவாக வகைப்படுத்தினார். தென்னிந்தியக் கிரிட்டேசியப் பாறைகளை ஆராய்வோர் இன்றும் அவருடைய விளக்கங்களையும் படங்களையும் பார்க்கின்றனர்.

காக்கப்பட்டதும் இழந்ததும்

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் ஒன்று உள்ளது. இதை 1940-இல் நிலவியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் ஆராய்ந்து அறிவித்தார். ஆற்றினால் கடலுக்கு அடித்து வரப்பட்ட மரம் மணலில் புதைந்தது. அதன் திசுக்களில் கனிமம் நிரம்பியதால் கல்லாயிற்று. நிலவியல் ஆய்வுத் துறை இதைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்து, வேலியிட்டுக் காத்து வருகிறது. காரை–கொளக்காநத்தம் பகுதியும் அப்பட்டியலில் உண்டு.

அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் நடந்தது இதற்கு நேர்மாறானது. அங்கு கிடைத்த பேருருவ எலும்புகளைக் கொண்டு யாதகிரி, அய்யாசாமி ஆகிய ஆய்வாளர்கள் 1980-களின் இறுதியில் ‘பிருகத்காயோசாரஸ்’ என்ற டைனோசரை அறிவித்தனர். ‘பேருடல் கொண்ட பல்லி’ என்பது பெயரின் பொருள். கால் எலும்பு ஒன்று மட்டும் 2 மீட்டர் நீளம். உலகின் மிகப் பெரிய நிலவாழ் விலங்குகளுள் இதுவும் ஒன்றாக இருந்திருக்கக்கூடும். ஆனால் நொய்ந்திருந்த அந்த எலும்புகள் உதிர்ந்து அழிந்துவிட்டன. சான்று கையில் இல்லாததால், அது எலும்புதானா, கல்மரமா என்ற ஐயம்கூட எழுந்தது. 2022-இல் பழைய ஒளிப்படங்கள் வெளியான பிறகே அந்த ஐயம் பெருமளவு தணிந்தது. கண்டுபிடிப்பது பாதி வேலை. காப்பது மறுபாதி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

புவிப்பூங்கா என்பது யாது?

தனித்தனி இடங்களுக்கு வேலியிடுவதற்குப் பதிலாக ஒரு வட்டாரம் முழுவதையும் ஒன்றாகக் கருதி, அதன் நிலவியல் மரபைப் பாதுகாப்பு, கல்வி, உள்ளூர் வளர்ச்சி என்னும் மூன்று நோக்கங்களுடன் நிருவகிப்பதே புவிப்பூங்கா. 1991-இல் பிரான்சின் டீஞ் நகரில் கூடிய அறிஞர்கள், புவியின் நினைவுகளுக்கும் உரிமை உண்டு என்ற அறிக்கையை வெளியிட்டனர். 2000-இல் பிரான்ஸ், கிரேக்கம், ஜெர்மனி, ஸ்பெயின் ஆகிய நான்கு நாடுகளின் வட்டாரங்கள் இணைந்து ஐரோப்பியப் புவிப்பூங்கா வலையமைப்பைத் தொடங்கின. 2015-இல் யுனெஸ்கோ இதைத் தன் திட்டமாக ஏற்றது.

அந்நால்வருள் ஒன்றான கிரேக்கத்தின் லெஸ்வோஸ் தீவு சாத்தனூருடன் ஒப்பிடத்தக்கது. எரிமலைச் சாம்பலில் புதைந்து கல்லான காடு அங்குள்ளது. 1985-இல் அது சட்டப் பாதுகாப்பைப் பெற்றது. 1994-இல் அருங்காட்சியகம் அமைந்தது. பின்னர் தீவு முழுவதும் புவிப்பூங்காவாக விரிவடைந்தது.

யுனெஸ்கோ தகுதி நிலையானதன்று. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மறு ஆய்வு உண்டு. புவிப்பூங்கா நிருவாகம் புதைபடிவ விற்பனையில் பங்கேற்கக் கூடாது. அதே வேளையில் இத்தகுதி தொழில்களைத் தானாகவே தடை செய்வதுமில்லை. நாட்டின் சட்டமே அதை முடிவு செய்கிறது.

இன்றைய நிலை

2025 ஏப்ரலில் 50 நாடுகளில் 229 யுனெஸ்கோ புவிப்பூங்காக்கள் இருந்தன. அவற்றுள் இந்தியாவினது ஒன்றும் இல்லை. நிலவியல் மரபுச் சின்னங்களைக் காப்பதற்கான வரைவு மசோதாவை ஒன்றிய சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் கருத்துக் கேட்புக்கு வெளியிட்டது.

அரியலூர் வட்டாரத்தில் சுரங்கம் படிவங்களை அழிக்கவும் செய்கிறது, வெளிக்காட்டவும் செய்கிறது. வெட்டிய பாறை முகப்பு மாணவருக்குத் திறந்த பாடநூல் போன்றது. அது நொறுக்கப்பட்டு ஆலைக்குப் போனால் மீட்க இயலாது. தேர்ந்தெடுத்த சில முகப்புகளையாவது விட்டுவைப்பதும், கிடைக்கும் படிவங்களை வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகம் போன்ற இடங்களில் சேர்ப்பதும் பயன் தரும்.

மக்களின் ஆர்வம் இங்கு குறைவில்லை. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் மண் எடுத்தபோது கிடைத்த உருண்டைக் கற்களை டைனோசர் முட்டைகள் என எண்ணி மக்கள் திரண்டனர். அவை அம்மோனைட்டுகளைச் சார்ந்த படிவுருண்டைகள் என்று நிலவியலாளர் விளக்கினர். அந்த ஆர்வத்துக்குச் சரியான விளக்கமும், ஊராருக்கு வழிகாட்டிப் பணியும், பள்ளிகளுக்குக் களப்பயணமும் அமையுமானால், கல்லமேட்டில் நேர்ந்த இழப்பு மீண்டும் நேராமல் தடுக்க ஊராரே முன்நிற்பர்.