பொதுக் கிணறும் பூட்டிய பேசியும்

நாஞ்சில் நாட்டின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் அரசர்களையும் கோட்டைகளையும் மட்டும் எழுதினால் போதாது, கிணறுகளையும் எழுதவேண்டும். திருவிதாங்கூர் ஆட்சியில் நீர்த்துறையும் சாதியால் பிரிந்து கிடந்த காலத்தில், சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் (1809–1851) எல்லாச் சாதியாரும் புழங்குமாறு முத்திரிக் கிணற்றை அமைத்தார். பிறர் ஊற்றும் நீரை ஏந்திக் குடிப்பது தயவு. தானே முகந்துகொள்வது உரிமை. இவ்வேற்றுமையே கைப்பேசியின் இயங்குதளம் பற்றிய இன்றைய வழக்கிற்கும் அடிப்படை.

நம் முன்னோர் இவ்வுரிமையை எழுத்துலகில் கையாண்டு காட்டியுள்ளனர். அரபு நெடுங்கணக்கில் தமிழின் டகரத்திற்கும் ணகரத்திற்கும் ளகரத்திற்கும் வடிவம் இல்லை. தமிழ் முஸ்லிம்கள் எவரிடமும் விண்ணப்பித்துக் காத்திருக்கவில்லை. இருந்த எழுத்துக்களோடு புள்ளிகளும் குறிகளும் சேர்த்துப் புதியன ஆக்கிக்கொண்டனர். இவ்வாறு பிறந்த அரபுத் தமிழில் தமிழகத்திலும் இலங்கையிலும் நூல்கள் பெருகின. அரபு எழுத்து ஒரு நிறுவனத்தின் தனிச்சொத்தாகவும், அதனைத் திருத்துவது குற்றமாகவும் இருந்திருந்தால் அவ்விலக்கியம் ஏது?

கைப்பேசியில் நேர்ந்ததைக் காண்போம். 2006ஆம் ஆண்டு திருப்பெரும்புதூரில் ஆலை திறந்த நோக்கியா நிறுவனம், தன் உயர்வகைப் பேசிகளை இயக்கிய சிம்பியன் இயங்குதளத்தின் மூலநிரலை 2010 பிப்ரவரியில் உலகறியத் திறந்துவைத்தது. அடுத்த ஆண்டே விண்டோஸ் பக்கம் சாய்ந்து, திறந்த கதவையும் சாத்திற்று. திருப்பெரும்புதூர் ஆலையும் 2014 நவம்பரில் மூடப்பட்டது. உரிமையாளர் விரும்பியபோது திறந்து, விரும்பாதபோது மூடுவது பொதுக் கிணறு ஆகாது.

2008இல் வெளிவந்த ஆண்டிராய்டு இன்னும் நுட்பமான வழியை மேற்கொண்டது. அதன் அடித்தளம் திறந்த மூலமே. ஆயினும் செயலிக் கடை, நிலப்படம் முதலிய கூகுள் சேவைகள் பூட்டியே உள்ளன. சில்லுகளை இயக்கும் நிரல்கள் பலவும் அவ்வாறே. 2019இல் அமெரிக்கத் தடையால் ஹுவாவே புதிய பேசிகளில் அச்சேவைகளை இழந்தபோது, திறந்த பகுதி எவ்வளவு, பூட்டிய பகுதி எவ்வளவு என்பது உலகுக்கு விளங்கிற்று. இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் தண்டம் விதித்ததும் இவ்வாதிக்கம் குறித்தே.

இதனால் குமரி மாவட்டத்தாருக்கு என்ன என்பீராயின், 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலை நினைவுகூர்க. ஆழ்கடலில் இருந்த மீனவர் பலருக்கு எச்சரிக்கை எட்டவில்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்கள் தம் மைந்தரை இழந்தன. 2019இல் அரசு ஜெமினி என்னும் கருவியை அறிமுகம் செய்தது. செயற்கைக்கோள் வழி வரும் எச்சரிக்கையை அது வாங்கி ப்ளூடூத் மூலம் கைப்பேசிக்கு அனுப்ப, அங்குள்ள செயலி அதனை மீனவரின் தாய்மொழியில் காட்டும். ஆகவே உயிர்காக்கும் செய்தியின் கடைசிப் படி கைப்பேசியே. பேசியை விற்ற நிறுவனம் சில ஆண்டுகளில் புதுப்பித்தலை நிறுத்திவிட்டால், நாளடைவில் புதிய செயலி பழைய பேசியில் ஏறாது. கருவி பழுதின்றி இருக்க, கடலோடி புதுப்பேசிக்குக் கடன் வாங்க நேரும். மூலநிரல் முழுதும் திறந்திருப்பின், நாகர்கோவிலில் பயிலும் பொறியியல் மாணவரும் அப்பேசிக்கு மறுவாழ்வு தர முயலலாம். கைவிடப்பட்ட பேசிகள் பலவற்றை லினியேஜ் ஓ.எஸ். என்னும் தன்னார்வலர் பணி இன்று வாழவைப்பதே இதற்குச் சான்று. பூட்டிய சில்லு நிரல்களே அதற்கும் பெருந்தடை.

திறந்தால் திருடர் புகுவரே என்பர். பூட்டின் வலிமை அதன் அமைப்பை மறைப்பதில் இல்லை, சாவியைக் காப்பதில் உள்ளது என்னும் நெறியை 1883இலேயே கெர்க்கோஃப்ஸ் வகுத்தார். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் யாவரும் காணக் கிடப்பது. 2017 முதல் உலகின் முதல் ஐந்நூறு மீக்கணினிகளும் அதிலேயே இயங்குகின்றன.

ஆகவே அரசுப் பணத்தில் வாங்கப்படும் பேசிகளுக்கேனும் ஒரு நிபந்தனை விதித்தல் தகும்: நிறுவனம் புதுப்பித்தலை நிறுத்தும் நாளில், சில்லு நிரல் உட்பட மூலநிரல் யாவும் மக்களுக்குத் திறக்கப்படவேண்டும். தோண்டியவருக்கு ஊதியம் உண்டு. அதனை யாரும் மறுக்கவில்லை. அவர் கைவிட்டுப் போன கிணற்றுக்குப் பூட்டு எதற்கு?