ஒற்றாடலும் மாதிரி ஆய்வும்

 மாதிரி எது, அடுக்கு எது என்று இத்துறையின் பொன்விழா மலரைப் படிப்போருக்கு விளக்க வேண்டியதில்லை. பகலில் கள அட்டவணையும் மாலையில் திருக்குறள் வகுப்புமாக வாழ்நாளைக் கழித்தவன் நான். இரண்டும் சந்திக்கும் ஓர் இடம் என் மனத்தில் நெடுநாளாக இருக்கிறது. அதையே இங்கே வைக்கிறேன்.

வள்ளுவர் வகுத்த இரு சோதனைகள்

பொருட்பாலில் ஐம்பத்தொன்பதாம் அதிகாரம் ஒற்றாடல். பகைவர் நாட்டு வேவு என்று அதை ஒதுக்கிவிடுவோர் பலர். ஆனால் அவ்வதிகாரத்தின் மையப் பொருள், தன் கண்ணால் காண முடியாததை அரசன் எப்படி அறிவது, அறிந்ததை எந்த அளவுக்கு நம்புவது என்பதே. எட்டாம் குறள், ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு ஆராய்ந்த பிறகே ஏற்கச் சொல்கிறது. ஒன்பதாம் குறள், ஒருவரை ஒருவர் அறியாதபடி ஆளச் சொல்லி, மூவர் சொல்லும் ஒத்துவந்தால் தெளியலாம் என்கிறது.

இவ்விரண்டையும் ஒரே கருத்தின் இரு வடிவமாகவே நான் முதலில் படித்தேன். இப்போது அப்படிப் படிக்க மனம் ஒப்பவில்லை. ஒன்பதாவது, ஒரே பணிக்கு ஏவப்பட்டோர் தம்முள் பேசி வைத்துக்கொள்ளாத தனித்தன்மையைக் கேட்கிறது. எட்டாவதில் உள்ள 'மற்றுமோர் ஒற்று' வேறு வழியில் வரும் சான்றாகவும் இருக்கலாம். என் வாதம் முழுவதும் இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது.

கௌடில்யரும் மூவர் வாக்கு ஒன்றானால் நம்பலாம் என்கிறார். அவருடைய அர்த்தசாஸ்திரத்தின் இரண்டாம் அதிகரணம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. இல்லறத்தார் வேடத்தில் இருக்கும் ஒற்றர்கள் ஊர்தோறும் வயல், வீடு, குடும்பம், மக்கள், கால்நடை ஆகியவற்றின் கணக்கையும், குடும்பங்களின் வரவு செலவையும் அறிந்துவர வேண்டும் என்கிறது. ஊர்க்கணக்கர் எழுதியது ஒருபுறம் இருக்க, அதைச் சரிபார்க்கத் தனிப் படை!   

வங்கத்துச் சணல் வயலில்

இச்சோதனைகளின் சாயல் இக்கால மாதிரி ஆய்விலும் உண்டு. புள்ளியியலாளர் பிரசாந்த சந்திர மகாலனோபிஸ் வள்ளுவரைப் படித்துத் தம் மாதிரி ஆய்வு முறையைக் கண்டார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்த அப்பெருமகன், 1933இல் தொடங்கிய இதழுக்கு 'சாங்க்யா' என்று பெயரிட்டார். எண்ணிக்கை, தெளிந்த அறிவு என்னும் இரு பொருளும் அச்சொல்லில் கூடி நிற்கின்றன.

1937 முதல் வங்கத்தில் நடந்த சணல் பரப்பு ஆய்வில் அவர் கையாண்டது ஊடுருவும் துணைமாதிரி முறை. ஒரே பகுதியிலிருந்து இரண்டு மாதிரிகளைத் தனித்தனியே எடுத்து, வெவ்வேறு களக்குழுவினரிடம் கொடுத்து, கணக்கையும் தனித்தனியே போடுவது. இரண்டு விடைகளுக்கும் இடையிலுள்ள இடைவெளி மாதிரியின் தற்செயல் பிழையைக் காட்டுவதோடு, ஆய்வாளரின் சோர்வையும் அலட்சியத்தையும் சேர்த்தே காட்டிக்கொடுக்கும். சூத்திரப் புத்தகம் தரும் திட்டப் பிழை களத்தில் நேர்ந்த தவறுகளைப் பெரும்பாலும் அறியாது. ஒன்பதாம் குறள் வயலில் இறங்கிய கதையாகவே இதை நான் காண்கிறேன்.

மாதிரியைத் தேர்வதில் வேண்டிய சமவாய்ப்பைப் பற்றியும் ஒரு சொல். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) குடவோலை எடுக்கும் விதத்தை நுணுக்கமாகச் சொல்கின்றன. ஓலைகளைக் குடத்தில் இட்டுக் கலக்க வேண்டும். உள்ளே இருப்பது அறியாத ஒரு சிறுவன் எடுக்க வேண்டும். அவன் எடுத்த ஓலையை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். அது வாரியத்துக்கு ஆள் எடுத்த முறை. ஆய்வு முறை அன்று. ஆயினும் தேர்வில் மனிதக் கையின் விருப்பம் புகுந்துவிடக் கூடாது என்ற கவலை அங்கே கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது.

மூவரும் ஒருங்கே ஏமாந்தால்?

இங்கேதான் எட்டாம் குறள் வேண்டியிருக்கிறது. இரு குழுவினரும் ஒரே பழுதுபட்ட அளவுகோலைக் கொண்டு அளந்தால் இரண்டு விடையும் ஒத்துப்போகும். இரண்டும் பிழையாகவும் இருக்கும். பயிர் அறுவடைச் சோதனைகளில் புள்ளியியலாளர் பி. வி. சுகாத்மே இதை எடுத்துக்காட்டினார். அறுத்துப் பார்க்கும் வயல் துண்டு மிகச் சிறியதானால், எல்லையில் நிற்கும் பயிர்கள் உள்ளே சேர்க்கப்பட்டு விளைச்சல் மிகையாகத் தெரியும். எத்தனை குழு அனுப்பினாலும் அந்த மிகை நீங்காது.

1950இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்விலும் இதே சிக்கல் வந்தது. உணவுச் செலவைச் சென்ற ஏழு நாளுக்குக் கேட்பதா, முப்பது நாளுக்குக் கேட்பதா? ஏழு நாள் கேள்வி கூடுதல் தொகையைத் தந்தது. மகாலனோபிசும் எஸ். பி. சென்னும் மூன்றாவது சான்றை நாடினார்கள். மேற்கு வங்க வீடுகளில் உணவுப் பொருளை நேரே நிறுத்துப் பார்த்தபோது முப்பது நாள் விடையே எடைக்கு அருகில் நின்றது. 1954இல் அதை வெளியிட்டார்கள். எடைத்தராசுதான் அங்கே மற்றோர் ஒற்று.

ஏழு நாள் கேள்வி ஏன் மிகையாகத் தந்தது என்பது எனக்கு ஒரு கிராமத்துத் திண்ணையில் விளங்கியது. எண்ணெய் வாங்கியது எப்போது என்று கேட்டேன். "தீபாவளிக்கு வாங்குனது தம்பி, போன வாரந்தான்" என்றார் அந்த அம்மா. தீபாவளி முடிந்து பதினைந்து நாள் ஆகியிருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. பண்டிகை மனத்துக்கு அருகிலேயே நின்றது.

1999–2000இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 55ஆம் சுற்றில் ஏழு நாள், முப்பது நாள் என்னும் இரு காலத்தையும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்த பத்திகளில் கேட்டார்கள். ஒன்றுக்குச் சொன்ன விடை மற்றதை இழுத்தது. 1993–94இல் 36 விழுக்காடாக இருந்த வறுமை 26 ஆகிவிட்டது என்று அரசு அறிவித்தது. அதில் எவ்வளவு உண்மை வீழ்ச்சி, எவ்வளவு படிவத்தின் விளைவு என்பதே நெடிய விவாதமாயிற்று. பொருளியலாளர் ஆங்கஸ் டீட்டன், கேள்வி மாறாத சில செலவினங்களை மட்டும் பிடித்துக்கொண்டு மீண்டும் கணித்து, வீழ்ச்சியில் பெரும்பகுதி மெய் என்றார். அபிஜித் சென் போன்ற பொருளியலாளர்கள் அவ்வளவு ஏற்கவில்லை. ஒரு பத்திக் கோடு கோடிக்கணக்கான ஏழைகளை வறுமைக் கோட்டுக்கு மேலும் கீழும் நகர்த்த வல்லது என்பதை இம்மலரைப் படிக்கும் இளைஞர்கள் ஒருபோதும் மறக்கலாகாது.

2022–23 நுகர்வுச் செலவு ஆய்வில் ஒரே வீட்டுக்கு மூன்று மாதத்தில் மூன்று முறை சென்று, பொருள்களைப் பிரித்துக் கேட்டார்கள். நல்ல மாற்றம், ஆனால் பழைய சுற்றுகளோடு ஒப்பிட விழைவோர் கேள்வி மாறியதை நினைவில் வைக்க வேண்டும்.

தேசிய மாதிரி ஆய்வின் மத்திய மாதிரிக்கு இணையாக மாநில மாதிரி ஒன்றும் நெடுங்காலமாக எடுக்கப்படுகிறது. இரு தனிப் படைகள், ஒரே படிவம், ஒரே மாநிலம். மகாலனோபிஸ் கேட்ட துணைமாதிரிகள் நம் அலுவலகங்களிலேயே கிடக்கின்றன. அவற்றை அருகருகே வைத்துப் பார்ப்பவர் குறைவு. இத்துறையின் முதுகலை மாணவர்கள் தம் ஆய்வேட்டுக்கு இதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். ஒரு சுற்றின் தமிழ்நாட்டுத் தரவு இரண்டையும் முறைப்படி கேட்டுப் பெறுங்கள். பொது விநியோகக் கடையில் வாங்கியதாக வீட்டார் சொல்லும் அரிசியின் அளவிலிருந்து தொடங்குங்கள். பிறகு அக்கடைகள் வழங்கிய அரிசியின் கணக்கை மூன்றாவதாகப் பக்கத்தில் வையுங்கள். இரண்டு மாதிரிகளும் ஒத்து, கடைக்கணக்கு ஒவ்வாது நின்றால் அந்தப் படிவத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து கேள்வி கேள்வியாகப் படிப்போம்.