டிராக்டர் டிரெய்லர்: திருத்தணி வட்டாரச் சாலைகளில்

திருவள்ளூர் மாவட்டம் திருத்தணிப் பக்கம் டிரெய்லர் என்றால் பெரும்பாலும் டிராக்டருக்குப் பின்னால் மாட்டிய கரும்புப் பெட்டிதான். அரவைப் பருவத்தில் திருவாலங்காட்டிலுள்ள திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் டிராக்டர்கள் ஊர்ச்சாலைகளையும் நெடுஞ்சாலையையும் பேருந்து, லாரிகளோடு பகிர்ந்துகொள்கின்றன.

டிராக்டரில் இடது, வலது பின்சக்கரங்களுக்குத் தனித்தனி பிரேக் பெடல் உண்டு. உழும்போது வரப்போரம் சட்டென்று திரும்ப ஒன்றை மட்டும் மிதிப்பார்கள். சாலை ஏறுமுன் இரண்டையும் சேர்த்துக் கொக்கி போட்டுவிட வேண்டும். மறந்தால், அவசரத்துக்கு மிதிக்கும்போது ஒரு சக்கரம் மட்டும் பிடித்து வண்டி அந்தப் பக்கம் இழுக்கும்; பின்னால் வரும் பாரம் தள்ள, டிராக்டரும் பெட்டியும் கத்திரிபோல் மடங்கிக் கவிழும். பல பெட்டிகளுக்குச் சொந்த பிரேக் கிடையாது என்பதால் முழுப் பாரத்தையும் டிராக்டரே நிறுத்தியாக வேண்டும். இறக்கத்தில் நியூட்ரல் கூடவே கூடாது. எந்த கியரில் அந்த மேட்டை ஏற முடியுமோ அதே கியரில் இறங்க வேண்டும். கியரை உச்சியிலேயே போட்டுவிட வேண்டும், பாதியில் மாற்றக் கூடாது.

இரட்டைச் சக்கரப் பெட்டியில் பாரம் முன்பக்கம் மிகுந்தால் டிராக்டரின் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் கேட்காது. பின்பக்கம் மிகுந்தால் இணைப்பு மேலெழும்பி, டிராக்டரின் பின்சக்கரம் பிடிப்பை இழக்கும். இணைப்புப் பின்னுக்குப் பூட்டூசியும், அது உடைந்தாலும் பெட்டியைப் பிடித்துக்கொள்ளச் சங்கிலியும் அவசியம்.

இருட்டிய பிறகு ஆபத்து பின்னாலிருந்து வருகிறது. வெளியே தொங்கும் கரும்புத் தோகை பின்விளக்கை மறைத்துவிட, மெதுவாகப் போகும் வண்டியைக் காரோட்டி கடைசி நொடியில்தான் பார்க்கிறார். விளக்கும் சிவப்பு ஒளிர்பட்டையும் தோகைக்கு வெளியே தெரிய வேண்டும். பழுதாகி நின்றால் சாலையை விட்டு இறக்கி நிறுத்துவதே நல்லது. திருத்தணி முருகன் கோயிலில் டிசம்பர் 31 இரவில் 365 படிகளிலும் நடக்கும் திருப்படித் திருவிழா பெரும்பாலும் அரவைக் காலத்தோடு சேர்ந்தே வரும். அப்போது சாலையோரம் நடந்து வருபவர்களையும் கணக்கில் கொள்ள வேண்டும். வளைவில் பெட்டியின் சக்கரம் உள்வாங்கி ஓரத்தை உரசிக்கொண்டு வரும்.

பெட்டியில் ஆள் ஏற்றுவதே எல்லாவற்றிலும் கொடியது. 2022 அக்டோபர் 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் கான்பூர் அருகே, கோயிலுக்குப் போய்த் திரும்பியவர்களின் டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்து 25 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு வரும் குடும்பங்களுக்குத் திருத்தணி வரை ரயிலும் பேருந்தும் இருக்கின்றன.