சமோரா பார்த்ததும் விமானப்படை எழுதியதும்



பறக்கும் தட்டு என்றாலே பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர் அப்படியே நம்பிவிடுவார்கள். இரண்டையும் செய்யாத சிலரைப் பற்றி இன்று எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

1964 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் சொகோரோ என்ற சிற்றூர். மாலை 5.45 மணி வாக்கில் லானி சமோரா என்ற போலீஸ்காரர், வேகமாகப் போன ஒரு காரைத் துரத்திக்கொண்டிருந்தார். திடீரென்று பேரிரைச்சல், தூரத்தில் தீச்சுவாலை. அந்தப் பக்கம் வெடிமருந்துக் கொட்டகை ஒன்று உண்டு. அதுதான் வெடித்துவிட்டதோ என்று துரத்தலை விட்டுவிட்டு அங்கே போனார்.

கரடுமுரடான மேட்டில் ஏறிப் பார்த்தால், பள்ளத்தில் வெள்ளையாக ஏதோ பளபளத்தது. கவிழ்ந்த கார் என்றுதான் முதலில் நினைத்தார். பக்கத்தில் வெள்ளை உடையில் இரண்டு உருவங்கள். கிட்டே போனபோது அது முட்டை வடிவத்தில், கால்களோடு, சிவப்பு நிறக் குறி ஒன்றோடு இருந்தது. மறுபடியும் இரைச்சல், நெருப்பு. பயந்து ஓடியதில் அவருடைய மூக்குக்கண்ணாடி கீழே விழுந்துவிட்டது. அந்தப் பொருள் எழும்பிப் பறந்து மறைந்தது.

சில நிமிடங்களில் மாநிலப் போலீஸ் சார்ஜென்ட் சாம் சாவேஸ் வந்து சேர்ந்தார். புதர் புகைந்துகொண்டிருந்தது. தரையில் நான்கு இடங்களில் அழுந்திய தடங்கள் இருந்தன.

இத்தகைய தகவல்களை விசாரிக்க அமெரிக்க விமானப்படை 'புளூ புக்' என்ற திட்டத்தை நடத்திவந்தது. அதன் பொறுப்பாளர் ஹெக்டர் கின்டானில்லா. ஆலோசகராக இருந்த வானியல் பேராசிரியர் ஆலன் ஹைனெக் நேரிலேயே போய் சமோராவை விசாரித்தார். கதிரியக்கம் இருக்கிறதா என்று பார்த்தார்கள், மண்ணைச் சோதித்தார்கள். ஹெலிகாப்டரா, அருகிலுள்ள ஒயிட் சாண்ட்ஸ் ராணுவத் தளத்தின் சோதனையா, நிலவில் இறங்கத் தயாராகிவந்த கலத்தின் மாதிரியா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார்கள். எதுவும் பொருந்தவில்லை. கின்டானில்லா எளிதில் நம்புகிறவர் அல்லர். அவரே சமோரா பொய் சொல்லவில்லை, எதையோ பார்த்திருக்கிறார் என்று பின்னாளில் எழுதினார். கல்லூரி மாணவர்களின் குறும்பு என்று சொன்னவர்களும் உண்டு, அதுவும் நிரூபணமாகவில்லை.

கடைசியில் கோப்பில் எழுதிய முடிவு: 'அடையாளம் காணப்படாதது'.

புளூ புக் 1969-இல் மூடப்பட்டபோது கணக்கில் இருந்தவை 12,618 சம்பவங்கள். அவற்றில் 701-க்கு மட்டும் இதே முடிவு. மற்றவை நட்சத்திரம், பலூன், விமானம் என்று ஏதோ ஒரு வகையில் அடங்கிவிட்டன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 'அடையாளம் காணப்படாதது' என்றால் வேற்றுக்கிரகவாசி வந்தான் என்று பொருள் இல்லை. சாட்சி பொய்யர் என்றும் பொருள் இல்லை. தேடினோம், கிடைக்கவில்லை என்பது மட்டுமே பொருள். ஒரு ராணுவம் இப்படி எழுதிக் கையெழுத்துப் போடுவது சுலபமல்ல. ஏதாவது ஒரு காரணத்தை ஒட்டவைத்துக் கோப்பை மூடியிருக்கலாம்.

சமோராவுக்கும் இது எளிதாக இருக்கவில்லை. நிருபர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் அவரைச் சலிப்படைய வைத்தார்கள். பிறகு போலீஸ் வேலையை விட்டு பெட்ரோல் பங்க் நடத்தினார். 2009-இல் காலமானார். கண்டதைச் சொன்னார், காணாததைச் சேர்க்கவில்லை.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இப்படி ஏதாவது வீடியோ வந்தால், நம்புவதற்கும் சிரிப்பதற்கும் முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள்: யார் பார்த்தது? என்ன தடயம் கிடைத்தது? யார் சோதித்தார்கள்? பதில் இல்லையென்றால் 'தெரியவில்லை' என்று சொல்லப் பேரப்பிள்ளைகளுக்கும் பழக்குங்கள். பரீட்சையில் அதற்கு மார்க் கிடையாது; ஆனால் விசாரணை என்று வந்தால் அதுதான் நேர்மையான விடை.

உங்கள் கருத்தையும் எழுதுங்கள்.